இருமியவரை அழைத்து வரவும்

நேரடிக் கச்சேரியில் பதிவு செய்த ஆல்பத்தை வெளியிட வேண்டுமானால், அது நேரடிக் கச்சேரிதான் என்று ஒரு வாரியம் சான்று தர வேண்டும். அப்படி ஒரு வாரியம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு மைக்கைத் தொட்டே இருக்க மாட்டேன். நேரடி இசைச் சான்றளிப்பு வாரியம் என்று அதற்குப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு வாய் வலிக்கிறதல்லவா? நான் அதன் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவன், என் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேர். ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசிப்பவர்கள், ஃப்யூஷன் என்பார்கள். ஜாஸ் ரசிகர்கள் எங்களை ராக் என்று ஒதுக்கிவிட்டார்கள். ராக் ரசிகர்கள் ஜாஸ் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் வாசிக்கிறோம். டிரம்ஸ் அடிப்பவனை இடி என்று கூப்பிடுவோம். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். கிதார் வாசிப்பவர் புவியியல் வாத்தியார். நான் பேஸ் கிதார். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். சாக்ஸபோன் என் அத்தான், என் அக்காவின் கணவர். என்னை இந்த வழிக்கு இழுத்துவிட்ட புண்ணியவான் அவர்தான்.

அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் மாடி ஹாலில் அந்தக் கச்சேரி நடந்தது. ஏழரை எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு நீளமான உருப்படி. அதனால் அதற்கும் ஆல்பத்துக்கும் 'ஏழரை' என்றே இடி பெயர் வைத்தான். பெயரைக் கேட்டபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த உருப்படியின் நடுவில் அத்தான் தனியாக ஊதினார். அதைப்போல அவர் ஊதி நான் கேட்டதில்லை. பேஸ் வாசிக்க வேண்டிய நான் ஒரு சுற்று வாசிக்காமலே நின்றுவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் அத்தானுக்கு ஆபரேஷன். நுரையீரலில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நடக்கலாம், சாப்பிடலாம், மெதுவாகப் பேசலாம். ஊதக் கூடாது என்றார் டாக்டர். அவர் சொல்லாவிட்டாலும் ஊத முடியாது. டீயை ஆற்றுவதற்கே அக்காதான் ஊதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "இனிமே அவர் ஊதப் போறதில்லடா. ஊதினது அந்த ஒண்ணுதான் ஒழுங்காப் பதிவாயிருக்கு. அது நாலு பேர் காதுல விழணும். அவர் கண்ணு முன்னாடியே விழணும். நீ என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, அந்தச் சான்றிதழை வாங்கிட்டு வா."

சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாய் என்னமோ சுலபமாகத்தான் சொல்லிற்று.

வாரியத்தின் வரவேற்பறையில் 'அமைதி காக்கவும்' என்று எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தது. கதவுகளுக்கெல்லாம் ஒலி புகாத மெத்தை தைத்திருந்தார்கள். கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது. உள்ளே இருந்து கூப்பிட்டால் நமக்குக் கேட்காது. ஒருவழியாக யாரோ வெளியே வந்த சந்தில் நுழைந்தேன். சரிபார்ப்பாளர் என்று ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பதிவைப் போட்டுக் கேட்டார். அதற்காக ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"இது நேரடிக் கச்சேரின்னு என்ன அத்தாட்சி?"

"கைதட்டல் கேக்குதே சார்."

"கைதட்டல் எங்கிட்டயே இருக்கு. மழை பெய்யற மாதிரி ஒண்ணு, ஆரவாரமா ஒண்ணு, வேண்டாவெறுப்பா ஒண்ணு. உங்களுக்கு எது வேணும்?"

அவர் பதிவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார்.

"இங்க ஒருத்தர் இருமறாரே. யாரு அது?"

"தெரியாது சார். வந்தவங்கள்ல யாரோ..."

"உங்க ஆல்பத்துல ஒருத்தர் இருமியிருக்கார், யாருன்னே தெரியாதுன்னு சொல்றீங்க. நாளைக்கு இது என் இருமல்தான்னு ஊர்ல பத்துப் பேர் கிளம்பி வந்தா வாரியம் யாருக்குப் பதில் சொல்லும்? இருமினவரைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த இருமலை மட்டும் போனில் வெட்டி எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். பஸ் நிறுத்தத்தில், முடிவெட்டும் கடையில், பாங்க் வரிசையில், யார் அசந்து நின்றாலும் அவர்கள் காதருகே போனை நீட்டி, "இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். சிலர் எட்டி நின்றார்கள். ஒரு அம்மாள் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். கடைசியில் மருந்துக்கடைக்காரி கேட்டவுடன் சொன்னாள்: "அட, இது நம்ம லிஃப்ட் மெக்கானிக். வாராவாரம் சிரப் வாங்க வருவார். பாட்டில் தீர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருமுவார்."

லிஃப்ட் மெக்கானிக் நல்ல மனிதர். சங்கக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வந்தவர், ஊதலைக் கேட்டுவிட்டு வேலை முடிந்தும் போகாமல் கதவோரம் நின்றிருக்கிறார். இருமியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கமான மனிதரை வாரியத்துக்குக் கூட்டிப் போனேன்.

"இருமுங்க" என்றார் சரிபார்ப்பாளர்.

"இப்ப வரலையே சார்."

"ஆல்பத்துல வந்துச்சே?"

"அப்ப வந்துச்சு சார்."

சரிபார்ப்பாளர் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து அவர் மூக்குக்கு நேரே படபடவென்று தட்டினார். தூசி கிளம்பியது. மெக்கானிக் கண்ணில் நீர் வரும்வரை இருமினார். சரிபார்ப்பாளர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது வறட்டு இருமல். பதிவுல இருக்கறது சளி இருமல். சளி கட்டினதும் வாங்க."

மெக்கானிக்குக்குச் சளி கட்டும் வரை காத்திருந்தோம். அவர் வீட்டில் என்னைக் கண்டாலே அவர் மனைவி கதவைச் சாத்தினாள். நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது: நேரடிக் கச்சேரி என்று சொன்னால்தானே தொல்லை, ஸ்டுடியோவில் பதிந்தது என்று சொல்லிவிட்டால்? அதற்கும் அதே கட்டடத்தில் எதிர் அறையில் ஒரு பிரிவு இருந்தது. அங்கே இருந்தவர் கேட்டுவிட்டு, "ஸ்டுடியோக்குள்ள இவ்வளவு ஜனம் எப்படி வந்துச்சு? முதல்ல எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு வாங்க" என்றார். திரும்பிப் பழைய அறைக்கே வந்தேன்.

ஒரு வழியாக இருமல் தேறியது. அடுத்து தவறுகள். நேரடிக் கச்சேரி என்றால் வாசிப்பில் தவறு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஸ்டுடியோவோ என்று சந்தேகம் வரும்; அதிகமாக இருந்தால் வாரியத்துக்கு அவமானம். "அளவா இருக்கணும். உங்க தப்பையெல்லாம் எடுத்துச் சொல்லுங்க" என்றார் சரிபார்ப்பாளர்.

இங்கேதான் மாட்டிக்கொண்டோம். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தவறாக வாசித்துவிட்டால் அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம். அடுத்த சுற்றில் நாலு பேரும் அதே தவறை வாசிப்போம். அப்போது அது தவறில்லை, மெட்டு. அத்தான் கொண்டுவந்த பழக்கம் இது. 'ஏழரை'யின் பாதி இப்படி உண்டானதுதான். நாங்கள் உட்கார்ந்து கேட்டபோது எது மெட்டு, எது தவறு என்று எங்களுக்கே பிடிபடவில்லை. வாத்தியார் ஒன்று தன்னுடையது என்றார். இடி அது என்னுடையது என்று சண்டைக்கு வந்தான். தவறுக்குச் சொந்தம் கொண்டாடி இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் சரிபார்ப்பாளரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"ஒருத்தர் ஒரு தடவை செஞ்சாதான் சார் தப்பு. எல்லாரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் செஞ்சா அது நடைமுறை. எங்க ஆபீசே அப்படித்தானே ஓடுது! தாராளமா அனுமதிக்கலாம்."

தலைவரைப் பார்க்க அனுப்பினார். தலைவருக்குப் பெரிய அறை, பெரிய மேஜை, மேஜைமேல் ஒரு வெள்ளி மைக். எதிரில் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தபோதும் மைக்கில்தான் பேசினார்.

"நடுவுல உங்க சாக்ஸபோன்காரர் தனியா ஊதறாரே. அதை யார் எழுதிக் கொடுத்தா?"

"யாரும் எழுதல சார். அப்போதைக்கு மனசுல வர்றதை ஊதறதுதான்."

"அப்போதைக்கு." அவர் மைக்கைத் தள்ளி வைத்தார், பிறகு மனம் மாறி இழுத்துக்கொண்டார். "அதாவது, என்ன செய்யப் போறோம்னு தெரியாமலே பொதுமக்கள் முன்னாடி ஒரு மனுஷன் எழுந்து நின்னிருக்கார். தம்பி, நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலேருந்து முன் அனுமதி இல்லாம ஒரு தும்மல் போட்டதில்ல. நேத்து பேசினதைத்தான் இன்னிக்குப் பேசறேன். நாளைக்கும் இதையேதான் பேசுவேன், நீங்க வந்து கேக்கலாம். என் பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. வாரியத்தோட ஆண்டறிக்கையைப் படிச்சேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்கலங்கிட்டாங்க. கலைன்னா அது. உங்க சாக்ஸபோன்காரர் எங்க முன்னாடி வந்து நின்னு, அன்னிக்கு ஊதினதை அச்சு அசலா ஊதிக் காட்டட்டும். கையெழுத்துப் போடறேன்."

அத்தானின் உடல்நிலையைச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடடா. ஊத முடியாதவருக்கு நேரடிச் சான்று தர விதியில இடமில்லையே. நினைவிசைன்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல உடனே கொடுத்துடலாம், கேள்வியே கேக்க மாட்டோம். ஆனா அதுக்கு அவர் காலமாகியிருக்கணும்."

"உயிரோட இருக்கார் சார்."

"அதுதான் தம்பி சிக்கல்" என்றார், என் கையைத் தட்டிக்கொடுத்து. "பார்த்துச் செய்யுங்க."

இதை அப்படியே வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா கையில் இருந்த கரண்டியைச் சுவரில் வீசி எறிந்தாள். "அவன் நாசமாப் போக! அவன் வாயில புழு விழ! ஒரு கையெழுத்துக்காக என் புருஷன் சாகணுமாமா?" என்று கத்தினாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவதற்கு மூச்சு வேண்டும், அவரிடம் இல்லை.

"போலாம்டா," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வந்து நிக்கச் சொன்னாங்கள்ல. நிக்கறேன்."

வாரியத்தின் கூட்ட அறையில் எங்களை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். தலைவர், சரிபார்ப்பாளர், இன்னும் பேர் தெரியாத உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்பு கைதட்டியவர்கள் இடத்தில் அலுவலக ஊழியர்கள். லிஃப்ட் மெக்கானிக்கையும் வரவழைத்து ஒரு மூலையில் நிறுத்தி, எந்த இடத்தில் இரும வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். எல்லா இடத்திலும் மைக். "சகஜமா இருங்க" என்றார் தலைவர், வெள்ளி மைக்கில்.

வாசித்தோம். மெக்கானிக் பயத்தில் முதல் அடியிலேயே இருமித் தொலைத்தார். இடியும் வாத்தியாரும் நானும் ஏழரையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அத்தானின் இடம் வந்தது. அவர் எழுந்தார். கூட வந்திருந்த அக்கா பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தார். சாக்ஸபோனை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை. வருமென்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விரல்கள் ஓடின. பொத்தான்கள் டொக் டொக்கென்று குழாயில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. எத்தனை காலம் பக்கத்தில் நின்று வாசித்தவன் நான், விரலைப் பார்த்தாலே என்ன ஊதுகிறார் என்று தெரியும். அன்றைக்கு ஊதியதை ஊதவில்லை அவர். புதிதாக ஏதோ ஊதிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்தது. கடவுளே, எவ்வளவு நன்றாக இருந்தது! எனக்குக் கண் மறைத்தது, தாளத்தில் ஓர் அடி தவறவிட்டேன். அடுத்த சுற்றில் இடியும் வாத்தியாரும் அதே அடியைத் தவறவிட்டார்கள். அத்தான் கண்ணைத் திறக்காமலே புருவத்தை உயர்த்தினார். முடித்துவிட்டு உட்கார்ந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

வாரியத்தினர் பக்கத்து அறைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். தலைவர் திரும்பி வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வாரியத்தின் வரலாற்றில் இது பொன்னான நாள். முன்பு சமர்ப்பிக்கப்பட்ட பதிவும் இன்றைய வாசிப்பும் ஒத்துப்போகவில்லை. எனவே அந்தப் பதிவு நிராகரிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய வாசிப்பு எங்கள் கண்ணெதிரே நடந்தது. கேட்டவர்கள் இன்னார் என்று தெரியும். இருமியவர் இன்னார் என்று தெரியும். குறிப்பாக அந்தத் தனி வாசிப்பில் வாரிய உறுப்பினர்கள் ஆட்சேபிக்க ஒரு சுரம்கூட இல்லை. இவ்வளவு ஒழுங்கான இசையை இந்த வாரியம் இதுவரை கேட்டதில்லை. இன்று இங்கே பதிவானதையே 'ஏழரை' என்ற பெயரில் வாரியம் சான்றளித்து வெளியிடும். நாங்கள் வழங்கும் முதல் சான்றிதழ் இது."

"அந்தப் பழைய பதிவு சார்?" என்றேன்.

சரிபார்ப்பாளர் என் காதருகே குனிந்தார். "அதை இனிமே வெளிய விட்டுடாதீங்க. உங்க ஆல்பத்தோட போலின்னு ஆகிடும். உள்ள போட்டுடுவாங்க."

வெளியீட்டு விழாவுக்கு அக்கா வர மறுத்துவிட்டாள். "நான் வந்தா ஏதாவது பேசிடுவேன். நீங்க போயிட்டு வாங்க." அத்தானை முன்வரிசையில் உட்கார வைத்துப் பூச்செண்டு கொடுத்தார்கள். தலைவர் ஆண்டறிக்கையைப் படித்தார். பிறகு ஆல்பத்தைப் போட்டார்கள். தனி வாசிப்பு வந்ததும் டொக் டொக்கென்று அந்த ஓசை ஹால் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. சிலர் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தான் பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குச் செருப்பைக் கழற்றிவிட்டேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஜனங்க கைதட்டினாங்களா?"

"தட்டினாங்கக்கா. எழுந்து நின்னு தட்டினாங்க."

"எதுக்கு?"

அத்தான்தான் சொன்னார்: "சும்மா இருந்ததுக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப இவர் ஊதினதை யாருடா கேக்கப் போறாங்க? யாருமே இல்லையா? பாவி, ஒருத்தர் காதுலகூட விழாதா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அலைந்ததுதான் மிச்சம் என்று சொல்லலாம். அது அவளுக்கே தெரியும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்பீக்கரைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தாள். என் போனைப் பிடுங்கி, நிராகரிக்கப்பட்ட அந்தப் பழைய பதிவை எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். ஒலியைக் கடைசிவரை ஏற்றினாள். அத்தான் ஊத ஆரம்பித்தார்; அந்த மாடி ஹாலில் ஊதிய அத்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாற்காலியில் இருந்த அத்தான் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார். இரண்டாவது தடவை போட்டாள். மூன்றாவது தடவை போட்டபோது யாரோ கதவை இடித்தார்கள்.

கீழ் வீட்டுக்காரர். கையில் பேனா, முகத்தில் எரிச்சல். "தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பரீட்சைக்குப் படிச்சுட்டிருக்கா. இந்த சாக்ஸபோன் காதைப் பொளக்குது."

"எது பொளக்குதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"சாக்ஸபோன்ங்க. எங்க வீட்ல மட்டும் இல்ல, தெருக்கோடி வரைக்கும் கேக்குது. பஸ் ஸ்டாப்ல எல்லாரும் மேல பாத்துக்கிட்டு நிக்கறாங்க!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு அடியாக வைத்து ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. வாய்விட்டு அழவும் அவருக்கு மூச்சு போதவில்லை.

அக்கா கீழ் வீட்டுக்காரரிடம் ரொம்ப மரியாதையாக மன்னிப்புக் கேட்டாள். சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை.